ஆளுக்கு ஒரு கை சேறு

கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். என் தொழில் எனக்குக் கொடுத்த மரியாதை அது. நெல்லித்தோப்பில் எங்கள் அத்தா குடைக் கடை வைத்திருந்தார், அவருக்கு முன்னால் அவருடைய அத்தா. நான் மட்டும் கடையில் பாதியைத் தடுத்து ஸ்டுடியோ போட்டுக்கொண்டு கேமராவும் கையுமாகத் திரிகிறேன். மழைக்காலத்தில் இப்போதும் யாராவது கம்பி உடைந்த குடையோடு வந்து நிற்பார்கள். வரவேற்புக்குக் கிளம்பிக்கொண்டே நாலு தையல் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடுவேன். இரண்டு தொழில் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் உண்டு. அந்த இரண்டும் சேர்ந்து என்னைத் தேங்காய்த்திட்டுச் சேற்றில் தொடைவரை இறக்கிவிடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இழுத்துவிட்டவர் ஒரு மேடம். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். அவர் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். தாலி கட்டும் நேரத்துப் படத்தில் அவர் கண் மூடியிருக்கிறார். வருடங்கள் ஓடியும் அதை அவர் மன்னிக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஸ்கூட்டரைக் கடை வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "அந்தப் படத்துக்குப் பதிலா நீங்க எனக்கு இன்னொரு படம் எடுத்துத் தரணும்" என்றார்.

"மறுபடியும் கல்யாணமா மேடம்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சரி, விஷயம் பெரிதுதான் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் பின்பக்கம், ஆற்று ஓரமாக ஒரு சுரபுன்னைக் காடு இருக்கிறது. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் வேரை ஊன்றி நிற்கும் மரங்கள். அதை ஒட்டி இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பெண்கள் காட்டுக்குள் ஓடும் ஓடையில் இறங்கி, வலை இல்லாமல் வெறும் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். அந்தக் காட்டின் நடுவே ஒரு பகுதி சில வருடங்களாகச் செத்துக்கொண்டு வந்தது. மரம் காய்ந்து, தரை பாளம் பாளமாக வெடித்து, உப்புப் பூத்துவிட்டது. அதை மீட்க அரசு முன்வந்திருந்தது. அதிகாரிகள் கையில் இரண்டு திட்டங்கள். ஒன்று, ஒப்பந்தக்காரரை வைத்து வரிசையாகக் கன்று நட்டுச் சுற்றிலும் வேலி போடுவது. இன்னொன்று அந்தப் பெண்களே சங்கமாகச் சேர்ந்து கொடுத்தது. கன்று வேண்டாம், தண்ணீர் வரும் வழியைத் திறந்துவிட்டால் விதை தானே மிதந்து வந்து முளைக்கும், அந்த வேலையை நாங்களே செய்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கல்லூரிக்காரர்கள் கூட நின்றால் போதும் என்பது அவர்கள் கட்சி. மேடம் கூட நிற்கிறவர்.

"வேலி வந்துட்டா அவங்க ஓடைக்கே போக முடியாது" என்றார் மேடம். "அடுத்த மாசம் அதிகாரி நேர்ல வர்றாரு. தண்ணி எங்க அடைச்சிருக்குன்னு காட்டுங்க, காட்டினா உங்ககிட்டயே குடுக்கலாமான்னு யோசிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. அத மேல இருந்து எடுத்தாதான் காட்ட முடியும்."

மறுநாள் காலையிலேயே போனேன். ஆர்வம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அந்தக் கண் மூடிய படத்தை அவர் பேசாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் காரணம்.

சங்கத் தலைவி அக்காவை நான் முதலில் பார்த்தது கழுத்தளவுத் தண்ணீரில். பறி என்று ஓலையில் பின்னிய ஒரு பை உண்டு. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டுச் சேற்றைத் துழாவுவார்கள். கையில் அகப்படும் இறால் நேரே வாயருகே தொங்கும் பறிக்குள் போகும். வாயைத் திறந்தால் பறி போய்விடும் என்பதால் வேலை முடியும்வரை பேச்சே கிடையாது. அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ம்ம்" என்று என் ஷூவைக் கண்ணால் காட்டினார். கழற்றினேன். "ம்ம்ம்" என்று பேண்ட்டைக் காட்டினார். மடித்துவிட்டேன். பிறகு கரையேறிப் பறியை வாயிலிருந்து எடுத்ததும், அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது.

"இன்னா பாய், கல்யாணத்துக்குப் படம் புடிக்கிறவராமே! எங்கள நல்லா காட்டுவியா? என் அக்கா மவ கல்யாணத்துல ஒருத்தன் வானத்துல வண்டு மாரி ஒண்ண வுட்டான், அதுல நான் மட்டும் இல்ல. பந்தில குந்திக்கினு இருந்தேன்."

கூடவே வந்தவர் அவருடைய ஓரகத்தி. முழங்கால் வலியால் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடப்பவர். இந்த இருவரும் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதலாக எதிலும் ஒத்துப்போனதில்லை என்று மேடம் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அது எவ்வளவு உண்மை என்று அங்கேயே தெரிந்தது. தண்ணீரை அடைத்திருப்பது துறைமுகத்தில் தூர் எடுத்துக் கிழக்குப் பக்கம் கொட்டிய மண்மேடு என்றார் அக்கா. மேற்கே யாரோ கைவிட்டுப் போன இறால் பண்ணையின் கரைதான் என்றார் ஓரகத்தி. இருவரும் என்னை நடுவில் நிறுத்திக்கொண்டு மாறி மாறிக் கை காட்டினார்கள். இருவரும் சேர்ந்து ஓடையில் இறங்குவார்கள், சேர்ந்து கரையேறுவார்கள், நடுவில் பறி வாயில் இருக்கும் நேரம் மட்டும்தான் சண்டை நிற்கும்.

திரும்பி வரும்போது அவர்கள் பாதையில் நடந்து வந்தோம். ஓடைப் பக்கம் காலை வைத்தால் இடுப்புவரை இழுக்கும் சேறு, இந்த ஒரு வரப்பு மட்டும் கல்லாட்டம் கெட்டியாக இருந்தது. எப்படி என்று கேட்டேன். ஓடையிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு கை சேறும் நாலு கிளிஞ்சலும் அள்ளி வந்து பாதையில் போட்டு, குதிகாலால் மிதித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம். மாமியார்கள் காலத்திலிருந்து நடக்கிற பழக்கம். நாளைக்கு நடக்கிறவள் கால் புதையக்கூடாது என்பதற்காக. இந்தப் பாதைக்கு சிமென்ட் போட்டுக் கொடுங்கள் என்று அவர்கள் மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்தார்கள்.

"நீயும் போடு பாய்" என்றார் அக்கா. "சும்மா நடந்துட்டுப் போறதுக்கு இது இன்னா கடற்கரை ரோடா?"

நானும் ஒரு கை அள்ளிப் போட்டு மிதித்தேன். பெரிதாக எதையோ கட்டி முடித்தவன் மாதிரி பெருமையாக இருந்தது. கடைக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சேற்றைக் கழுவ மனம் வரவில்லை.

ட்ரோன் என்னிடம் இருக்கிறது. ஆனால் லாஸ்பேட்டையில் விமான நிலையத்தை வைத்துக்கொண்டு ஊருக்குள் நினைத்த இடத்தில் ட்ரோன் விட முடியாது. அனுமதிக்கு விண்ணப்பித்தோம். அதிகாரி வரும் நாள் நெருங்கியது, அனுமதி நெருங்குவதாகக் காணோம். மேடம் தினமும் போன் செய்து, "வந்துச்சா?" என்பார். "வரல" என்பேன். அந்த இரண்டு சொற்களிலேயே ஒரு வாரம் போனது.

ஒரு நாள் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். பக்கத்துத் தெரு மேலே ஒரு காத்தாடி நின்றுகொண்டிருந்தது. ஆடாமல், அலுங்காமல், நாள் பூராவும் அங்கேயே நிற்கப் போவதுபோல நின்றது. நான் துணிகளை அப்படியே கொடியில் விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். நெல்லித்தோப்பு மாடிகளில் ஒரு காலத்தில் என் காத்தாடியை அறுத்தவன் கிடையாது. ஓடும்போதே மேடத்துக்குப் போன் போட்டேன்.

"காத்தாடியா!" என்று கத்தினார். ஒரு நொடி கழித்து, "காத்தாடி!" என்று மறுபடியும் கத்தினார். அந்த இரண்டாவது கத்தலில் விஷயம் முடிந்துவிட்டது. அவர் அதிகாரியிடம் கேட்டார். மாஞ்சா போடக்கூடாது, தென்னை உயரத்துக்கு மேல் ரொம்பப் போகக்கூடாது என்று சொல்லி, அதிகாரி சரி என்றுவிட்டார்.

கடைப் பரணில் வாங்கிப் போகாத குடைகள் கிடக்கின்றன. பழுதுக்குக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா வீட்டுக்காரர்கள் விட்டுப் போனவை. கறுப்பு, சிவப்பு, பூப்போட்டது என்று எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். என் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்து, துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குடையத் தேடிக்கிட்டு யாராச்சும் வந்தா இன்னா செய்வீங்க? வானத்தக் காட்டுவீங்களா?" என்றாள். கேட்டுக்கொண்டேதான் தைத்தாள். ஒரு கதவளவுக்குக் காத்தாடி தயாரானது. மூங்கில் பிளாச்சு, துறைமுகத்துக் கடையில் வாங்கிய வலை பின்னும் நைலான் கயிறு, குடைக் கம்பியை வளைத்துச் செய்த ஒரு தொட்டில். தொட்டிலில் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன கேமரா. முடுக்கி விட்டுவிட்டால் அதுவே விட்டு விட்டுப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

நாள் பார்த்தது அக்காவும் ஓரகத்தியும். அதிசயமாக இதில் இருவருக்கும் ஒரே கருத்து. காடு முழுக்கத் தண்ணீர் ஏறுவது பௌர்ணமியை ஒட்டி, ஆனால் அன்று காலையிலேயே ஏற்றம் வந்து இறங்கிவிடும். நான் கேட்ட கடற்காற்று நடுப்பகலுக்குத்தான் எழும்பும். ஏற்றம் நாளுக்கு நாள் தள்ளிப் போகுமாம். "பௌர்ணமி கழிஞ்சு மூணாம் நாள் வா. தண்ணியும் காத்தும் ஒண்ணா வந்து நிக்கும்" என்றார் அக்கா. மேடம் தன் அலைப் பட்டியலைப் பார்த்துத் தலையாட்டினார். நான் மொட்டை மாடி அனுபவத்தை வைத்துத் தலையாட்டினேன். எல்லோரும் மூன்று வழியில் ஒரே நாளுக்கு வந்து சேர்ந்ததில் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

அன்று முதல் முறை விட்டதும் காத்தாடி நேராகத் தலைகுப்புறச் சேற்றில் செருகிக்கொண்டது. பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெல்லித்தோப்பு மாடிகளின் மானம் போனது. ஓரகத்திதான், "வாலு பத்தல" என்று சொல்லி, தலையில் கட்டியிருந்த பழைய புடவைத் துண்டை நீளமாகக் கிழித்துக் கொடுத்தார். கட்டினேன். கிழக்கிலிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கயிறு என் கையை இழுத்துக்கொண்டு ஓட, கறுப்பும் சிவப்பும் பூவுமாக அந்தப் பெரிய துணி விடுவிடுவென்று மேலே ஏறி, தென்னை மரத்துக்குச் சற்று மேலே போய் நின்றது. நான் கத்தினேன். மேடம் கத்தினார். துறைமுகத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் காத்தாடி ஒரே இடத்தில் நின்றால் போதாது, காய்ந்த பகுதி முழுக்க அதை நடத்திக்கொண்டு போக வேண்டும். நான் பாதையிலிருந்து காற்று வரும் பக்கம் இறங்கி இரண்டடி வைத்ததும் தொடைவரை புதைந்தேன். "குடு இங்க" என்று அக்கா கயிற்றைப் பிடுங்கினார். அந்தச் சேற்றில் அவர் நடந்ததை இப்போது நினைத்தாலும் புல்லரிக்கிறது. எங்கே கால் வைக்கலாம், எங்கே வேர் தாங்கும் என்பது கால்களுக்கே தெரியும்போல, குனிந்துகூடப் பார்க்காமல், முகத்தை வானத்தில் வைத்துக்கொண்டே நடந்தார். "இழுத்துப் புடிங்கக்கா! வுடுங்க வுடுங்க! இப்ப இழுங்க!" என்று நான் பாதையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். நான் சொன்னபடி அவர் கை செய்தது. அவர் போன இடமெல்லாம் காத்தாடி பின்னாலேயே வந்தது. நடுவில் கிளைகளை ஒதுக்க இரண்டு கையும் தேவைப்பட, பழக்கத்தில் கயிற்றை டபக்கென்று பல்லில் கடித்துக்கொண்டார்.

"பல்லு பூடும்க்கா!" என்று அலறினேன்.

"ம்ம்" என்றார்.

சங்கக் கொட்டகையில் என் லேப்டாப்பைச் சுற்றி அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். முதல் சில படங்களுக்கு ஒரே கூச்சல். அதோ என் வீடு, அதோ படகு, அதோ உன் ஆட்டுக்கொட்டில், அந்தச் சோற்றுப் பருக்கையா நான் என்று திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தாங்கள் தினமும் தவழ்ந்து திரியும் இடத்தை முதல் முறையாக மேலிருந்து பார்க்கிறார்கள். கல்யாண ஆல்பத்தை இப்படிப் பார்த்த ஒரு குடும்பத்தையும் நான் கண்டதில்லை.

பிறகு காய்ந்த பகுதியின் படம் வந்தது. ஓடைத் தண்ணீர் பளபளவென்று பரவி வந்திருந்தது. அக்கா சொன்ன கிழக்கு மண்மேட்டில் ஓர் உடைப்பு வழியாகத் தண்ணீர் நுழைந்திருந்தது. ஓரகத்தி சொன்ன மேற்குக் கரையிலும் ஓட்டை விழுந்து தண்ணீர் வந்திருந்தது. இரண்டு பக்கமும் வந்த தண்ணீர் ஒன்றாகச் சேர்ந்து, காய்ந்த தரையின் விளிம்பில் கோடு போட்டதுபோல நின்றுவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை. அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பு.

"அந்தக் கோட்டு மேல யாரோ நிக்கிறாங்களே" என்றார் ஓரகத்தி.

பெரிதாக்கினேன். கையை மேலே தூக்கி வாய் திறந்தபடி நின்றது நான்தான். நான் நின்றது அவர்கள் பாதையில்.

ஆளுக்கு ஒரு கை சேறும் நாலு கிளிஞ்சலும், தினமும், மாமியார்கள் காலத்திலிருந்து. ஒருவர்கூட ஒரு நாளும் தவறாமல், அடுத்தவள் கால் புதையக்கூடாது என்று போட்டுப் போட்டு, காட்டின் நடுவே ஓர் அணையைக் கட்டியிருந்தார்கள். நடக்கிறவர்களுக்கு அது பாதையாகத்தானே தெரியும்? அதில் என் கையும் ஒன்று.

மேடம்தான் முதலில் பேசினார். "இத காட்டினா, அவங்களே கெடுத்துட்டாங்க, அவங்ககிட்ட எப்படிக் குடுக்கறதுன்னு சொல்லிடுவாங்கக்கா." இரண்டு வருடமாக அவர் இதற்காக ஓடியதை நான் பார்க்காவிட்டாலும் அந்தக் குரலில் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை நான் சொன்னேன். ஆல்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவை ஓரத்தோடு வெட்டி எடுப்பதில் நான் கெட்டிக்காரன். "கிழக்க மட்டும் வெட்டிக் காட்டலாம்க்கா. மண்மேடு தெரியும், பாதை தெரியாது."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கேமரா லென்ஸ் விரிசல் விட்டிருக்கும். "உன் கல்யாண ஆல்பமா இது? ஒளிச்சு வெச்சு வேலய வாங்கிட்டா நாளைக்கித் தண்ணி வந்துடுமா? படத்தப் பாத்துக் காடு மொளைக்குமா?" என்று சீறினார். பிறகு குரல் இறங்கியது. "காட்டறத காட்டிப்புடுவேன். ஆனா பாதைய வெட்டுன்னு நான் ஒருத்தி சொல்ல முடியாது. எல்லாரும் போட்ட பாதை."

எல்லோரும் ஓரகத்தியின் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதை இல்லாவிட்டால் அவரால் ஓடைக்குப் போக முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஓரகத்தி எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து வெளியே போனார்.

அதிகாரி வந்ததும் அதே போல ஏற்றம் வரும் ஒரு பகலில்தான். நல்ல மனிதர், பளபளப்பான ஷூ. பாதையைத் தாண்டிக் காய்ந்த தரையில் போய் நின்றுகொண்டு, "சொல்லுங்கம்மா, எங்க அடைப்பு?" என்றார். நான் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்த படத்தை அக்கா அவர் கையில் கொடுத்தார். முழுப் படம், ஓரம் வெட்டாதது.

அவர் படத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தனக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த பாதையைப் பார்த்தார்.

"இது நீங்களே போட்டதுதானே?"

"ஆமா சார்" என்றார் அக்கா.

"சிமென்ட் போட்டுக் குடுங்கன்னு மனு குடுத்தது?"

"அதுவும் நாங்கதான்."

மேடம் என் கையைப் பிடித்து நெரித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது பின்னாலிருந்து, "கொஞ்சம் தள்ளுங்க" என்று ஒரு குரல். ஓரகத்தி. தோளில் மண்வெட்டி. எங்கள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து, பாதையில் ஓர் இடத்தைப் பார்த்து நின்றார். வலிக்கிற காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து, ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார்.

கிளிஞ்சல்கள் நொறுங்கின. இரண்டாவது வெட்டுக்கு அக்கா இன்னொரு மண்வெட்டியோடு எதிரில் வந்து நின்றுவிட்டார். "அங்க இல்லடி, இங்க!" "எனக்குத் தெரியும், நீ உன் பக்கம் வெட்டு!" என்று அதற்குள்ளும் சண்டை. மற்ற பெண்களும் இறங்கிக் கையாலேயே வாரினார்கள். நானும் இறங்கினேன், மேடமும் இறங்கினார். முதலில் ஒரு கசிவு. பிறகு விரல் பருமனுக்கு ஒரு ஓட்டம். பிறகு கரை பொத்தென்று சரிந்து, தண்ணீர் புரண்டு அந்தப் பக்கம் பாய்ந்தது.

வெடித்த தரை அதைக் குடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் குமிழ் குமிழாகக் காற்று வெளியே வந்தது. தண்ணீர் ஒரு பாளத்தை நனைத்து, அடுத்ததைச் சுற்றி, அதற்கடுத்ததில் ஏறியது. அதன் முன்விளிம்பிலேயே பொடி மீன்கள் துள்ளிக்கொண்டு ஓடின. "வந்துட்ச்சு! வந்துட்ச்சு!" என்று அத்தனை பேரும் கத்தினோம். மேடம் அழுதுகொண்டே சிரித்தார். அந்தக் கூச்சலில் நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். அதிகாரி அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் ஷூ தண்ணீருக்குள் இருந்தது. அவர் திரும்பி வரப் பாதை இல்லை.

அவர் சிறிது நேரம் தன் காலைச் சுற்றி ஓடும் தண்ணீரையே பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வேற எங்கயாவது அடைச்சா யாரும்மா பாக்கறது?" என்று அங்கிருந்தே கத்திக் கேட்டார்.

"நாங்கதான் அடைச்சோம், நாங்கதான் தொறந்தோம்" என்றார் அக்கா. "எங்களுக்குத் தெரியாம இனிமே ஒரு கை மண்ணு இங்க வுழாது சார்."

அவரைக் கைலாகு கொடுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்தது ஓரகத்திதான்.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. வேலி கிடையாது. காட்டைச் சங்கமே பார்த்துக்கொள்ளட்டும், கல்லூரி கூட இருக்கட்டும், கொஞ்ச காலம் இப்படி நடத்திப் பார்ப்போம் என்று. மேடம் எனக்குப் போன் செய்தபோது நான் ஒரு நிக்காஹ் வீட்டில் இருந்தேன். நான் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டார், படம் நன்றாக வந்தது. பாதைக்கு சிமென்ட் கேட்கும் மனுவைச் சங்கமே திரும்ப வாங்கிக்கொண்டது. பாதையை இன்னும் இரண்டு இடங்களில் வெட்டி, வெட்டின இடங்களில் பனந்துண்டைக் குறுக்கே போட்டார்கள். வழுக்கும், ஆட்டம் காணும். சுமையோடு ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். முன்பு சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தவர்கள் இப்போது தாமதமாகப் போகிறார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் அக்கா கூப்பிட்டார். "குடைய எடுத்துக்கினு வா பாய்" என்றார். அவருக்கு அது குடைதான். மறுபடியும் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள், மறுபடியும் கிழக்கே இருந்து கடற்காற்று. இந்த முறை முதல் முயற்சியிலேயே காத்தாடி ஏறியது. அவர்கள் ஓடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நேரம். பழைய பழக்கத்தை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதை அன்று பார்த்தேன். ஒவ்வொருவரும் வெட்டின இடத்துக்கு வந்ததும் குனிந்து, வாய்க்காலில் படிந்த சேற்றில் ஒரு கை அள்ளி, தூர எறிந்துவிட்டுத்தான் பனந்துண்டில் ஏறினார்கள். முன்பு போட்டார்கள், இப்போது எடுக்கிறார்கள். நானும் குனிந்து ஒரு கை அள்ளி எறிந்தேன்.

அன்று ராத்திரி கடையில் தனியாக உட்கார்ந்து படங்களை ஓட்டிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த தரையில் வாய்க்கால் ஓரமாகப் பச்சைப் புள்ளிகள். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன், அவ்வளவு இருந்தன. மேடத்துக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து வெறும் ஆச்சரியக்குறிகளாக வந்துகொண்டே இருந்தன.

கடைசிப் படம் காத்தாடியை இறக்கும்போது கேமரா தானாக எடுத்தது. மிகவும் தாழ்வாக, கொஞ்சம் சாய்வாக. பனந்துண்டின் நடுவில் ஓரகத்தி, கால் நடுங்கி நின்றுவிட்ட இடம். அவருக்கு முன்னால் அக்கா, பின்பக்கமாகக் கையை நீட்டியபடி. கை காலியாக இருக்கட்டும் என்று இருவர் வாயிலும் பறி, அதனால் சண்டை போட வழியில்லை. அந்தக் கையை ஓரகத்தி இறுக்கப் பிடித்திருந்தார். எத்தனையோ மணமக்களைக் கை கோக்கச் சொல்லிப் படம் எடுத்தவன் நான். யாரும் சொல்லாமல் கோத்த கை என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருந்த மணப்பெண் படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன்.